ஒண்ணுமே முளைக்காத தட்டுகள்

பம்பாய் கிங்ஸ் சர்க்கிள்ல நாங்க வழக்கமாப் போற மெஸ்ஸுல என்னைப் பாத்தாலே சர்வருக்கு முகம் மாறிரும். டம்ளருக்குள்ள விரலை விட்டு ஒரே கையில நாலைத் தூக்கிட்டு வந்தார்னா, "தம்பி, அதைத் திருப்பிக் கொண்டுபோயிட்டு வேற கொண்டாங்க"ன்னு சொல்லிருவேன். எங்க வீட்டுக்காரர் தலையில அடிச்சுக்குவார். "ரிடயர் ஆயாச்சு, இன்னும் இட்லிக்குள்ள கிருமி தேடுறா"ம்பார். தேடத்தான் செய்வேன். சந்தேகப்படுறதுக்குத்தான் ஒரு ஆஸ்பத்திரி எனக்கு இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்துச்சு.

புதுசா இந்த இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸ் வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். உங்கள்ல பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்கத் திணறும்னு எனக்குத் தெரியும். யாரையாவது பக்கத்துல உட்கார வச்சு வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. கையை எப்படிக் கழுவணும், கவுனை எப்படிக் கழட்டணும்னெல்லாம் ட்ரெய்னிங்ல சொல்லிக் கொடுத்துருவாங்க, அதுக்கு நான் தேவையில்ல. எதைச் சந்தேகப்படணும், எப்பச் சந்தேகப்படணும்னு யாரும் சொல்லித் தர மாட்டாங்க. அதுல நான் பட்டதைச் சொல்றேன்.

செம்பூர்ல நான் இருந்தது ஒரு நடுத்தர ப்ரைவேட் ஆஸ்பத்திரி. அங்க ஐசியூவுல ஒரு மழைக்காலம் பூரா ஒரே தலைவலி. க்ளெப்சியெல்லான்னு ஒரு பாக்டீரியா. சாதாரணமா நம்ம எல்லார் குடல்லயும் சும்மா கிடக்கிறதுதான். ஆனா இங்க வந்தது எந்த மருந்துக்கும் அடங்காத ரகம். பழைய மருந்து ஒண்ணு மட்டும் கேக்கும், அதுவும் போற போக்குல கிட்னியைப் பிடிச்சுக்கும். இதய ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, "நாளைக்கு வார்டுக்கு மாத்திருவோம்"னு சொல்லிவச்ச ஒரு மனுஷன், ரத்தத்துல இது ஏறி எங்க கண்ணு முன்னாடி போயிட்டாரு. அவர் போன கையோட அடுத்த படுக்கையில இருந்த அம்மாவுக்கு வந்துச்சு. அப்புறம் அதுக்கடுத்த படுக்கை.

வரிசையா ஒருத்தருக்கப்புறம் ஒருத்தருக்கு வருதுன்னா ஏதோ ஒண்ணு அதைத் தூக்கிட்டுப் போகுதுன்னு அர்த்தம். நான் ஸ்வாப் குச்சிகளை எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன். கட்டில் கம்பி, வென்டிலேட்டர் பட்டன், மானிட்டர், சிங்க், ஒவ்வொரு நோயாளிக்கும் உடம்பு துடைக்க வச்சிருக்கிற நீல பேசின், ஒண்ணு விடாமத் தடவி எடுத்து, தட்டுல வளத்துப் பாக்க லேபுக்கு அனுப்பினேன். எல்லாம் சுத்தம்னு வந்துச்சு. மறுபடியும் ஒரு தடவை எடுத்தேன். மறுபடியும் சுத்தம்.

எங்க லேப் டாக்டர் ஒரு மாட்டுங்கா அம்மா. அவங்க தாத்தா காலத்துலேயே பம்பாய்க்கு வந்த ஆபீஸ் குடும்பம். கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். "எல்லாத் தட்டும் க்ளீன், சிஸ்டர். கட்டில்ல இல்ல, மெஷின்ல இல்ல, சிங்க்லயும் இல்ல. அப்போ மனுஷா கையிலதானே இருக்கணும்? எல்லார் கையையும் எடுத்து அனுப்புங்கோ"ன்னாங்க.

எடுத்தேன். டாக்டர், நர்ஸ், எக்ஸ்ரே எடுக்கிறவர், கூட்டுறவங்க, எல்லாரோட கையும். ஒரே ஒரு கையில அந்தக் கிருமி முளைச்சுது. அது செல்லக்கனி கை.

செல்லக்கனி எங்க ஐசியூ மௌசி. பம்பாய் ஆஸ்பத்திரிகள்ல ஆயாவை மௌசின்னுதான் கூப்பிடுவாங்க, உங்களுக்குத் தெரியும். நாப்பது வயசுக்குள்ளதான் இருக்கும். ஊரு திருநெல்வேலிப் பக்கம், இருக்கிறது தாராவி. நோயாளிக்கு உடம்பு துடைக்கிறது, திருப்பிப் படுக்க வைக்கிறது, சாயந்திரம் சொந்தக்காரங்க பாக்க வர்றதுக்கு முன்னாடி முகம் துடைச்சுப் பவுடர் போட்டுவிடுறது எல்லாம் அவதான். கான்ட்ராக்டர் மூலமா வந்த வேலை. ஒரு போன் போட்டாப் போதும், மறுநாள் வேலை கிடையாது. அதோட நிக்காது. கிருமி பரப்பினான்னு பேர் வாங்கின மௌசியைச் செம்பூர்ல எந்த ஆஸ்பத்திரி எடுக்கும்?

மெடிக்கல் டைரக்டர் ரூம்ல ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். அவர் அதை முழுசா வாசிக்கல.

"இவ எங்கேர்ந்து வர்றா?"

"தாராவி, சார்."

"அதானே பாத்தேன்"னாரு.

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. "நானும் அங்கதான் சார் வளர்ந்தேன், கிராஸ் ரோட்டுல"ன்னேன். அவர் சிரிச்சுக்கிட்டே, "அட, நீங்க வேற சிஸ்டர்"ன்னாரு. விசாரணை முடியிற வரைக்கும் செல்லக்கனி வரவேண்டாம், முடிஞ்சதும் கான்ட்ராக்டருக்குச் சொல்லி நிறுத்திடலாம்னு தீர்மானம் ஆயிருச்சு. என்ன விசாரணைன்னு யாருக்கும் தெரியாது.

அவகிட்டச் சொல்ல வேண்டிய வேலை எனக்கு வந்துச்சு. லிஃப்ட் பக்கத்துல நின்னு சொன்னேன். அவ உள்ளங்கை ரெண்டையும் விரிச்சுப் பாத்தா. "யக்கா, எப்பவும் போலத்தான செஞ்சேன்? எதையும் மாத்திச் செய்யலியே. என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாவளா?"

"ரூல்படிதான செஞ்ச?"

"சிஸ்டர் சொல்லுத மாதிரிதாங்க்கா செய்யுதேன்."

பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. ஐசியூவுல எல்லாரும் நிம்மதியானாங்க. அந்த நிம்மதியைப் பாத்துத்தான் எனக்குச் சந்தேகம் வலுத்துச்சு. ஒரு ஆள் மாட்டினதும் எல்லாரும் இவ்வளவு சீக்கிரம் சந்தோஷமானா அங்க ஏதோ சரியில்லன்னு வச்சுக்குங்க. வாரம் திரும்பறதுக்குள்ள இன்னொரு நோயாளிக்கு அதே கிருமி வந்துச்சு. செல்லக்கனி வீட்டுல உட்கார்ந்திருக்கா, கிருமி மட்டும் டியூட்டிக்கு வருது! டைரக்டர்கிட்டச் சொன்னா, "அவ விட்டுட்டுப் போனதா இருக்கும்"ங்கிறார். கேட்டீங்களா கதையை?

நேரா அடித்தளத்துல இருக்கிற லேபுக்குப் போனேன். பழைய தட்டுகளை எடுத்துக் காட்டச் சொன்னேன். ஸ்வாப்பைத் தடவி வளக்கிற அந்தச் சின்ன வட்டத் தட்டுகள். படுக்கை எடுத்தது, மெஷின் எடுத்தது, சிங்க் எடுத்தது. கண்ணாடி மாதிரி ஒண்ணுமே இல்ல. ஒரு புள்ளி இல்ல.

"டாக்டர், சிங்க் தட்டைப் பாருங்க."

"பாத்தாச்சே. சுத்தமா இருக்கு."

"அதான் கேக்கிறேன். பம்பாய்ல எந்த சிங்க் இவ்வளவு சுத்தம்? கெட்டது வேண்டாம், ஒரு சாதுவான கிருமியாவது இருக்க வேண்டாமா? எங்க வீட்டு சிங்க்ல எடுத்தா காடு மாதிரி முளைக்கும். உங்க வீட்டுலயும்தான்."

"எங்காத்து சிங்க்லயா?" அவங்களுக்கு ரோஷம் வந்துருச்சு. "தினம் ரெண்டு வேளை தேய்ச்சு அலம்பறோம், சிஸ்டர்."

"எடுத்துப் பாருங்களேன்."

மறுநாள் காலையில மாட்டுங்கா சமையல்கட்டு சிங்க்லேர்ந்து ஒரு ஸ்வாப் அவங்க கைப்பையில வந்துச்சு. அதுக்கடுத்த நாள் என்னைக் கீழ கூப்பிட்டாங்க. தட்டு நிரம்பி வழியுது. அவங்க அதை மூடியே வச்சிருந்தாங்க, யாரும் பாத்துரக் கூடாதுன்னு. "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்கோ"ன்னுட்டு, கொஞ்சம் யோசிச்சு, "அப்போ ஐசியூல யாரோ துடைச்சிருக்கா. நீங்க எடுக்கறதுக்கு முன்னாடி"ன்னாங்க.

யார் துடைச்சான்னு தேடவே வேண்டியதில்ல. நம்ம ஆஸ்பத்திரிகள்ல ஒரு மரியாதை உண்டு. அடுத்தவங்க யூனிட்டுக்குள்ள போன் பண்ணாமப் போக மாட்டோம். நானும் ரெண்டு தடவையும் ஐசியூ இன்சார்ஜ் ரோஸ்லின் சிஸ்டருக்கு முந்தின நாளே சொல்லிட்டுத்தான் போனேன். போய்க் கேட்டேன். அவ மறைக்கவே இல்ல, பெருமையாச் சொன்னா. "பின்னே? ராத்திரி ஷிஃப்ட் பூரா ப்ளீச்சிங் தண்ணி ஊத்தித் தேய்க்க வச்சேன். வீட்டுக்கு ஆள் வர்றாங்கன்னா கூட்டிப் பெருக்க மாட்டோமா, சிஸ்டர்? உங்களுக்கு முன்னாடி என் ஐசியூ அழுக்கா இருக்கணுமா?"

இவகிட்ட என்னன்னு கோபப்படுறது, சொல்லுங்க? இருபது வருஷமா ஒரு நோயாளிக்குக் குரல் உயர்த்தாதவ. திருடன் இருக்கானான்னு பாக்க வந்த எனக்கு, கோலம் போட்டு வச்சிருக்கா.

சரி, சொல்லாமப் போவோம்னு மறுநாள் மத்தியானம் போனேன். லிஃப்ட் கதவு திறக்குது, உள்ள அத்தனை பேரும் கையைத் தேய்ச்சுக்கிட்டு நிக்கிறாங்க. கவுன்ட்டர்ல கிடந்த ஒரு நர்ஸோட போன் மினுக்குனு எரிஞ்சுது. எட்டிப் பாத்தா வாட்ஸ்அப் க்ரூப்ல ஒரு பூனைப் படம். கீழ செக்யூரிட்டி போட்டது. அந்தப் பூனை நான்தான். இத்தனை வருஷம் நான் பாத்ததெல்லாம் பூனை வந்த பிறகு இருக்கிற ஐசியூன்னு அப்பத்தான் புரிஞ்சுது. வயித்தெரிச்சலா இருந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு.

மூணாம் பெட்ல இருந்தவரு தேவ்நார்லேர்ந்து வந்த ஒரு லாரி மெக்கானிக். அவருக்கு இன்னும் அந்தக் கிருமி வரல. அவர் சம்சாரம் தினம் சாயந்திரம் பாஸை வச்சுக்கிட்டு வரிசையில நிப்பாங்க. ஒரு நோயாளிக்கு ஒரு விசிட்டர் பாஸ்தான். நான் அவங்ககிட்டப் போய் உண்மையைச் சொல்லிக் கேட்டேன். "அம்மா, இன்னைக்கு ஒரு நாள் உங்க பாஸைக் கொடுப்பீங்களா? உங்க வீட்டுக்காரருக்கும் சேத்துத்தான்." அந்தம்மா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. எனக்குக் குறையாத சந்தேகம் அவங்களுக்கும். அப்புறம், "அவரு காலைத் தொட்டா முழிப்பாரு. தொட்டு, நான் வெளிய நிக்கேன்னு சொல்லுவீங்களா?"ன்னு கேட்டு பாஸைக் கையில வச்சாங்க.

யூனிஃபார்மைக் கழட்டிட்டு ஒரு வாயில் புடவை, ரப்பர் செருப்பு. வாசல்ல செக்யூரிட்டி, "மௌசி, பாஸ் காட்டு"ன்னான். தினம் சல்யூட் அடிக்கிறவன்! புடவை மாறினா எனக்கும் அதே பேருதான்னு மனசுல ஒண்ணு குத்துச்சு. மேல போனா விசிட்டருக்குத் தொப்பி, மாஸ்க், கவுன் எல்லாம் ஆஸ்பத்திரியே மாட்டிவிட்டுச்சு. கண்ணு மட்டும்தான் வெளிய. பூனைப் படம் போகல.

மெக்கானிக் காலைத் தொட்டு, சொல்லச் சொன்னதைச் சொன்னேன். ஸ்டூல்ல உட்கார்ந்து ஓரக்கண்ணால பாத்தேன்.

செல்லக்கனிக்குப் பதிலா வந்த புது மௌசி, மத்த படுக்கைக்கு ஆள் வர்றதுக்குள்ள அவசர அவசரமா முகம் துடைச்சுக்கிட்டு வர்றா. கையில ஒரு பழைய சில்வர் பேசின், ஓரம் நசுங்கினது. ஒரு படுக்கையில துடைச்சு முடிச்சதும் தண்ணியை சிங்க்ல கவுத்தா. புதுசா வெந்நீர் பிடிச்சா. அதே பேசினோட அடுத்த படுக்கை. தேய்ச்சுக் கழுவவே இல்ல. காலையில உடம்பு பூரா துடைக்கிறதும் இதுலதான்னு பாத்தாலே தெரிஞ்சுது. நான் ஸ்வாப் எடுத்தப்போ ஒவ்வொரு கட்டிலுக்கும் கீழ நம்பர் ஒட்டி வச்சிருந்த நீல பேசின் எங்கே? குனிஞ்சு பாத்தேன். ஒரு கட்டிலுக்குக் கீழயும் இல்ல.

அவ மூணாம் பெட்டுக்கு வந்தா. நான் ஹிந்தியில மெதுவாக் கேட்டேன், "இங்க நீலக் கலர் பேசின் இருக்கும்னாங்களே, அது எங்கம்மா?"

"அதுவா? அது ஆடிட்டுக்கு உள்ளது, அம்மா. அல்மாரியில இருக்கு. எடுத்தா சிஸ்டர் திட்டுவாங்க." சொல்லிக்கிட்டே துணியைத் தண்ணியில முக்கி மெக்கானிக் முகத்துக்குக் கொண்டுபோனா.

இந்த இடத்தைக் கவனிங்க, பிள்ளைகளா. சும்மா இருந்து, ஸ்வாப் எடுத்து, ரெண்டு நாள் கழிச்சு லேப் ரிசல்ட்டோட வந்திருந்தா என் கேஸ் பலமா இருந்திருக்கும். அந்தத் துணி அவர் மூக்குக் குழாய்க்குப் பக்கத்துல போகுது. வெளிய ஒரு பொம்பளை பாஸ் இல்லாம நிக்கிறா. நான் மௌசி கையைப் பிடிச்சுட்டேன். மாஸ்க்கை இறக்கி, "துணியைக் கீழ போடு. பேசினையும் அங்கேயே வை. யாரும் தொடாதீங்க"ன்னு கத்தினேன். ரிசல்ட் அப்புறம் வரட்டும். கண்ணுக்கு எதிர்ல நடக்கிறதை நிறுத்துறதுக்கு ரிசல்ட் வேண்டியதில்ல.

ரோஸ்லின் ஓடி வந்தா. "சிஸ்டர், நீங்களா? என்ன இது வேஷம்?"

"அல்மாரியைத் திற."

திறந்தா. நீல பேசின் அத்தனையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கி, மேல பாலித்தீன் போட்டு மூடி, பளபளன்னு இருக்கு. போன இன்ஸ்பெக்ஷனுக்கு ஆளுக்கு ஒண்ணுன்னு வாங்கினது. இன்ஸ்பெக்ஷன் முடிஞ்ச அன்னைக்கே கழுவித் துடைச்சு உள்ள வச்சுட்டா. அடுத்த ஆடிட் வந்தா, இல்ல பூனை வந்தா, வெளிய வரும். நான் தடவி எடுத்தது ஒரு நோயாளியையும் தொடாத பேசினை. சுத்தம்னு வராம வேற எப்படி வரும்?

"தினம் எடுத்தா கீறல் விழும், சிஸ்டர். நசுங்கிப் போச்சுன்னா இன்ஸ்பெக்ஷன்ல என்ன காட்டுறது?" சொல்லும்போதே அவளுக்கு உறைக்க ஆரம்பிச்சுருச்சு. அப்படியே தரையில உட்கார்ந்து, "அந்த ஹார்ட் பேஷன்ட்..."ன்னு அழுதா.

அவளைத் திட்ட எனக்கு வாய் வரல. உங்க வீட்டு ஷோகேஸைப் பாருங்க. கல்யாணத்துக்கு வந்த கண்ணாடித் தட்டு எல்லாம் விருந்தாளிக்குன்னு உள்ள இருக்கும், நாம விளிம்பு உடைஞ்சதுல சாப்பிடுவோம். எங்க வீட்டு சோஃபாவுக்கு இன்னும் பாலித்தீன் உறை இருக்கு. இந்தப் புத்தி ஐசியூவுக்குள்ள வந்தா ஆளைக் கொல்லும்னு அன்னைக்குத்தான் எல்லாரும் பாத்தோம். இப்பவும் ஒரு யூனிட்டுக்குள்ள நுழைஞ்சா நீங்க முதல்ல கேக்க வேண்டியது, பூட்டி வச்சிருக்கிற சாமான் என்னன்னுதான். "ரூல்படி செய்றியா"ன்னு கேட்டா ஆமான்னுதான் வரும். "செஞ்சு காட்டு"ன்னு கேளுங்க.

பழைய பேசின்ல எடுத்த ஸ்வாப்ல அதே க்ளெப்சியெல்லா, அதே மருந்துக்கு அடங்காத குணத்தோட முளைச்சுது. மாட்டுங்கா டாக்டரே தட்டைக் கையில எடுத்துக்கிட்டு, படியேறி டைரக்டர் ரூமுக்கு வந்தாங்க. அவங்க லேபை விட்டு மேல வந்து நான் பாத்ததே இல்ல.

டைரக்டர் தட்டைப் பாத்தாரு. "அப்போ இன்சார்ஜ் சிஸ்டரை மாத்திடலாம்"னாரு, உடனே. அந்த ஆளுக்கு எப்பவும் கத்தி வைக்க ஒரு கழுத்து வேணும்.

நான் கேட்டேன், "சார், போன இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சதும் ஐசியூவுக்கு வந்து, 'எல்லாம் ஷோரூம் மாதிரி இருக்கு, இப்படியே வச்சிருங்க'ன்னு கேக் வெட்டினது யாரு?"

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. அவர் ஃபைலைத் திறந்தாரு, மூடினாரு. ரோஸ்லின் அங்கேயே இருந்தா. நீல பேசின் வெளிய வந்துச்சு, அல்மாரிச் சாவி என்கிட்ட வந்துச்சு. நசுங்கின பேசினை நானே குப்பைக்கு அனுப்பினேன். மெக்கானிக் நல்லபடியா வீட்டுக்குப் போனாரு. கொஞ்சம் கொஞ்சமா புதுசா யாருக்கும் வர்றது நின்னுச்சு. செல்லக்கனியைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி கான்ட்ராக்டருக்குப் போன் போச்சு.

போன்ல சொன்னாப் போதும்னாங்க. எனக்கு மனசு கேக்கல. ஞாயித்துக்கிழமை காலையில நானே தாராவிக்குப் போனேன். நைன்டி ஃபீட் ரோட்டுலேர்ந்து உள்ள போற சந்து. அவ வாசப்படியில உட்கார்ந்திருந்தா. என்னைக் கண்டதும் எந்திரிச்சா, ஆனா கையைப் பின்னால கட்டிக்கிட்டா.

"உம் மேல தப்பு இல்லட்டி. எல்லாம் அந்தப் பழைய பேசின்லதான் இருந்துருக்கு, அதைத் தூரப் போட்டாச்சு. நாளைக்கே வேலைக்கு வா"ன்னேன்.

"சரிக்கா"ன்னா. நான் எதிர்பாத்த சந்தோஷம் முகத்துல இல்ல. அதுக்குள்ள எதிர் வீட்டுலேர்ந்து ஒரு சின்னப் பொண்ணு ஓடி வந்துச்சு. அவ மக, ஒண்ணாம் கிளாஸ். ரெண்டு சடையும் ஏறுக்கு மாறா இருக்கு. அம்மா மடியில விழ வந்த பிள்ளைகிட்ட, "தள்ளி நில்லு, தள்ளி நில்லு"ன்னு செல்லக்கனி விலகினா.

"என்னட்டி இது?"

"இவளுக்குத் தலை சீவி விடுதது இப்பம் எதிர் வீட்டு அக்காதான். சோறும் அவியதான் ஊட்டி விடுதாவ." அவ கையைப் பாக்காமலே பேசினா. "எங் கையிலதான் இருக்குன்னு லேபுல வந்துட்டுல்லா? பேசினை நீங்க தூரப் போட்டுட்டிய. கையை நான் என்னக்கா செய்ய?"

"ஏட்டி, கையில ஒட்டினது அங்கேயே குடியா இருக்கும்? சோப்புப் போட்டுக் கழுவினா போயிரும்."

"போயிருமாக்கா?"

"போயிரும். அன்னைக்கு வீட்டுக்கு வந்து கழுவினப்பமே போயிருக்கும்."

அவ என்னை ஏறிட்டுப் பாத்தா. கோபமா, அழுகையான்னு தெரியல. "அப்பம் அதை அன்னைக்கே ஏங்க்கா ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல?"

அவ உள்ள பாத்திரம் கழுவுற மோரிக்குப் போனா. தண்ணிச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டுச்சு. ஈரக் கையோட வந்து மகளைக் கூப்பிட்டு முன்னால உட்கார வச்சு, எதிர் வீட்டுக்காரி போட்ட சடையை அவுக்க ஆரம்பிச்சா.